எதிர்க்கம்புக்காரன்

எலும்பு கட்டுகிறவனிடம் வந்து எந்தச் சிலம்பக்கூடம் நல்லது என்று கேட்கிற சனம் கிணத்துக்கடவைத் தவிர வேறெங்கும் இருக்காது. கேட்டார்கள். நானும் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அதை நினைத்தால் என் வாயிலேயே ஓங்கி ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முப்பத்தாறாம் வருஷம். பொள்ளாச்சி ரோட்டை ஒட்டி என் வீடு. வாசல் வேப்பமரத்தடியில் இரண்டு கயிற்றுக் கட்டில், ஒரு கூடை மூங்கில் தப்பை, ஒரு சட்டி உளுந்து மாவு. மாவில் குழைக்கக் கோழி முட்டையை நோயாளியே கொண்டுவந்துவிட வேண்டும். காலை ரயில் போனதும் கட்டில் நிறைந்துவிடும். தென்னையில் இருந்து விழுந்தவன், மாடு மிதித்தவன், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து கையை விட்டவன் என்று எவனாவது ஒருவன் அம்மா அப்பா என்று கத்திக்கொண்டே இருப்பான். எனக்கு அது பழகிப்போயிற்று. கத்தாதவனைக் கண்டால்தான் பயம்.

அப்போது சுற்றுவட்டாரத்தில் இரண்டு சிலம்பக்கூடம் இருந்தன. ஊருக்கு மேற்கே வெட்டவெளிக் களத்தில் கந்தப்பன் வாத்தியார் சொல்லிக்கொடுத்தான். கிழக்கே லட்சுமணசாமி தன் சொந்தத் தென்னந்தோப்புக்குள் நடத்தினார். கந்தப்பன் கூடத்தில் இருந்து மாதம் இரண்டு பேராவது என் கட்டிலுக்கு வருவார்கள். விரல், மணிக்கட்டு, கழுத்தெலும்பு. லட்சுமணசாமி கூடத்தில் இருந்து மூன்று வருஷத்தில் ஒருத்தன் வந்ததில்லை. என் கணக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க எனக்கு மூளை எங்கே இருந்தது?

ஒருநாள் கந்தப்பனே ஒரு பையனைத் தாங்கிக்கொண்டு வந்தான். பையனுக்குச் சுண்டுவிரல் திரும்பியிருந்தது. கந்தப்பனுக்கும் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏய்யா, நீ சொல்லிக்குடுக்கறயா, கசாப்புக்கடை வெச்சிருக்கறயா?”

“மொதல்ல விரலைப் பாருங்க வைத்தியரே. அப்பறம் வெய்யலாமுங்க.”

“லட்சுமணசாமியப் பாரு. அங்கிருந்து ஒரு பய நொண்டிக்கிட்டு வந்திருக்கறானா?”

கந்தப்பன் சிரித்தான். உதட்டில் ரத்தம் கசிந்தது. “மொத மாசம் கம்புல துணி சுத்தித்தான் குடுக்கறனுங்க. அப்பறந்தான் வெறுங்கம்பு. வாங்குனாத்தான தடுக்கத் தெரியும்? எம்பட ஒதட்டப் பாத்தீங்களா? இவந்தானுங்க குடுத்தான். எங்க களத்துல நானும் வாங்குவனுங்க. நீங்க ஒடஞ்சு வந்தவனத்தான் எண்ணிப்போட்டீங்க. ஒடயாம இருக்கறவன் எப்படி ஒடயாம இருக்கறான்னு ஒருநாளாச்சும் போய்ப் பாத்தீங்களா?”

“போடா, எனக்கு நீ சொல்லிக்குடுக்க வந்துட்டே” என்று விரட்டிவிட்டேன். அவன் சொன்னது காதில் விழுந்தது. ஏறவில்லை.

ஆடிக்காற்று வீசிக்கொண்டிருந்த நாளில் சென்னியம்மாள் வந்தாள். பாலக்காட்டுக் கணவாயில் இருந்து வருகிற அந்தக் காற்றுக்கு எங்கள் ஊரில் கூரையெல்லாம் ஆடும். தப்பைக் கூடையின் மேல் கல்லை வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். ஆறு ஏக்கர் தோட்டம், ஒரே மகன் பாலுசாமி, இருபது வயசு. புருஷன் போய் இரண்டு வருஷம். கிணறு மட்டும் பொதுக்கிணறு. புருஷனின் அண்ணன் குடும்பத்துக்கு மூன்று நாள், இவளுக்கு மூன்று நாள் என்று தண்ணீர் முறை. அண்ணன் மகன் நஞ்சுண்டன், இவள் முறையன்றைக்கும் விடியுமுன்னே தன் மாடுகளைக் கொண்டுவந்து தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றத்தில் பூட்டிவிடுவான். கேட்டால் கம்பைத் தூக்குவான்.

“ஏனுங்க வைத்தியரே, எங்க பாலுசாமியச் சிலம்பத்துல சேத்திப்போடலாமுன்னு இருக்கறனுங்க. கவலைக்கால்ல நின்னு, இது எங்க முறைன்னு சொல்றதுக்கு ஒரு தெம்பு வேணுமல்லொ. எந்தக் கூடமுங்க நல்லது? ஒத்தப் புள்ள. கை கால் போயிடாம இருக்கோணும்.”

“கந்தப்பங்கிட்ட மட்டும் வுட்டறாதீங்க அம்மணி. நஞ்சுண்டனும் அங்க பழகுனவந்தான். ஆனா, பத்துப் பேரு போனா அஞ்சு பேரு எங்கிட்ட வாரான். லட்சுமணசாமிகிட்டச் சேத்துங்க. ஒரு கீறல் படாது.”

அவள் முகம் தெளிந்துபோயிற்று. போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். அதையும் தின்று தீர்த்தேன், வெட்கங்கெட்டவன்.

ஐந்து மாதம் போயிற்று. பாலுசாமி பேச்சே மாறிவிட்டது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சந்தையில் நடப்பான். மாரியம்மன் நோம்பியில் அவன் தனியாகக் கம்பு சுற்றியதை நானே பார்த்தேன். உய் உய்யென்று சத்தம், கம்பே கண்ணுக்குத் தெரியவில்லை. “எங்க கூடத்துல என்னைய எதுத்து ஒருத்தன் நிக்க முடியாதுங்க” என்று என்னிடமே சொன்னான். சென்னியம்மாள் அந்த வருஷம் தைரியமாக ஆறு ஏக்கரிலும் கம்போடியாப் பருத்தி போட்டாள். முறைத்தண்ணீர் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. மார்கழியில் செடி இடுப்பளவு நின்று பூவும் பிஞ்சுமாக இருந்தது. அந்த நேரத்தில் இரண்டு முறை தண்ணீர் தப்பினால் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிடும்.

மார்கழி பத்தாம் தேதி காலை, மாட்டுவண்டியில் பாலுசாமியைக் கொண்டுவந்து போட்டார்கள். வலது முன்கையில் இரண்டு எலும்பும் போயிருந்தன. தலையிலும் ஒரு வெட்டு. வண்டியில் இருந்து இறங்கும்போதே சென்னியம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

“வாய்யா வைத்தியரே, வந்து பாரு! ஒரு கீறல் படாதுன்னயே, இப்பப் பாரு! ஒரே அடியுங்க! நஞ்சுண்டன் இவங்கையில ஒரே அடிதான் போட்டான். இவன் தடுக்கல, வெலகல, ஓடல. அடி வுழுந்த கையையே பாத்துட்டு நின்னான், என்னமோ அது வேற எவனோட கையாட்டம். அந்த நேரத்துல ரெண்டாவது அடி மண்டையில. எம்பட பையன் கம்பெடுக்கத் தெரியாமச் சும்மா இருந்திருந்தாக்கூட ஓடியாவது வந்திருப்பானே!”

ரங்கம்மாள், என் வீட்டுக்காரி, வெந்நீர் கொண்டுவந்தாள். இழுத்து, சேர்த்து, மாவைப் பூசி, தப்பை வைத்துக் கட்டினேன். பையன் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. கட்டு முடிந்து மூச்சு வாங்கியபின் கேட்டேன்.

“ஏங்கண்ணு, அங்க கூடத்துல உன்ன ஒருத்தனும் அடிச்சதே இல்லியா?”

“இல்லீங்க.”

“அப்ப எதுக்க நின்னு எவந்தான் மோதுவான்?”

“எதிர்க்கம்புக்கு நஞ்சப்பன் இருக்கறானுங்க. தோப்புல வேல செய்யறவன். நாங்க அடிப்பமுங்க, அவன் தடுப்பான். அவன் அடிக்கப்படாதுங்க.”

“எத்தன பேரு அவன அடிப்பீங்க?”

“பதினாலு பேருமுங்க. முறை வெச்சு.”

பூசிய கையைக்கூடக் கழுவாமல் கிழக்கே நடந்தேன்.

தோப்பில் அப்போது பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நல்ல குளிர்ச்சியான இடம், பெருக்கித் தண்ணீர் தெளித்த தரை. லட்சுமணசாமி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணு, சாமி, அப்படித்தானுங் கண்ணு என்று பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வாயில் ஒரு கெட்ட சொல் வந்து நான் கேட்டதில்லை. நடுவில் ஒரு மெலிந்த கறுத்த ஆள் நின்றான், முப்பத்தைந்து வயசிருக்கும். எதிரே தோட்டத்துக்காரப் பிள்ளை ஒருத்தன். பிள்ளை ஓங்கி ஓங்கிப் போட்டான். அந்த ஆள் தலைக்கு வந்ததைத் தடுத்தான், இடுப்புக்கு வந்ததைத் தடுத்தான், காலுக்கு வந்ததைத் தாண்டினான். அப்படி ஒரு தடுப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பிள்ளையின் நெஞ்சு முழுக்கத் திறந்து கிடந்தது. அந்த ஆளின் கம்பு ஒரு சாண் நகர்ந்தால் போதும். நகரவில்லை. ஐந்தாறு அடியில் ஒன்று தோளில் விழுந்தது. அவன் முனகக்கூட இல்லை. பிள்ளை சிரித்துக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தான். அடுத்தவன் எழுந்தான்.

“லட்சுமணசாமி, இதுக்குப் பேரு சிலம்பமாய்யா?”

“அட வாங்க வைத்தியரே. உக்காருங்க, எளநி குடிங்க. ஏன் இப்படி வேத்து விறுவிறுத்து வந்திருக்கறீங்க?”

“பாலுசாமி கை ரெண்டா முறிஞ்சு கெடக்குது.”

“கேள்விப்பட்டனுங்க. ரொம்பச் சங்கடமாப் போச்சு. நஞ்சுண்டன் அப்படி அடிக்கலாமுங்களா? முறையே இல்லீங்க.”

“முறையா? அவன் வெறகுக்கட்டைய எடுத்துட்டு வந்து முறை பாத்தா அடிப்பான்? அஞ்சு மாசம் பழகுன பையனுக்கு அடின்னா என்னன்னே தெரியலியே! ஒரு நாளாவது இந்த நஞ்சப்பன வுட்டு அந்தப் பையன் மேல ஒண்ணு போடச் சொன்னியா?”

லட்சுமணசாமி பதறிப்போனார். உண்மையாகவே பதறினார், நடிப்பில்லை. “என்னுங்க இப்படிப் பேசறீங்க! அவங்கையில அடி வாங்குனா எந்த ஊட்டுப் பையன் எங்கிட்ட வருவான்? நாளைக்குச் சோறு தண்ணி பொழங்கற ஒறம்பரை என்னையச் சும்மா வுடுமுங்களா? பையனுகளுக்கும் தெம்பு வரோணுமல்லொ. செயிச்சுச் செயிச்சுப் பழகுனாத்தான தெம்பு வரும்?”

இதைச் சொல்லும்போது அவர் குரல் தேனாக இருந்தது. என் கை துறுதுறுத்தது. அதற்குள் என் கண் நஞ்சப்பன் மேல் போய்விட்டது. தொழில் புத்தி. இடது முன்கை நடுவில் வளைந்திருந்தது, உடைந்து தானாகச் சேர்ந்த எலும்பு. வலப்பக்கம் விலாவில் ஒரு முடிச்சு. இடது மணிக்கட்டு விலகி, புசுபுசுவென்று வீங்கியிருந்தது. அது புதுசு, பத்து நாள் இருக்கும். அந்தக் கையோடுதான் அவன் நின்றுகொண்டிருந்தான்.

மூன்று வருஷத்தில் ஒருத்தன் வந்ததில்லை என்று நான் பீற்றிக்கொண்ட கூடம் இதுதான். பதினாலு பேர் எலும்பும் முழுசாக இருந்தது, ஏனென்றால் பதினாலு பேருக்குமான அடி ஒரே உடம்பில் போய் விழுந்துகொண்டிருந்தது.

“ஏண்டா, இத்தனையும் முறிஞ்சு கெடக்குது, எங்கிட்ட வரோணுமின்னு உனக்குத் தோணலியா?” என்று அவனைக் கத்தினேன். யார்மேலாவது கத்த வேண்டியிருந்தது.

நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பதில் பக்கத்தில் இருந்து வந்தது. கீற்று முடைந்துகொண்டிருந்த பாவாத்தாள், அவன் பெண்சாதி, கையை நிறுத்தாமல் சொன்னாள்.

“வந்தமுங்க.”

“எப்ப வந்தீங்க?”

“போன வருசத்துக்கு முந்துன புரட்டாசியிலீங்க. இந்தக் கை முறிஞ்சப்போ. உங்க வாசப்படலுக்கு வெளியே நின்னமுங்க, பொழுது உச்சிக்கு வர்ற மட்டும். நீங்க எங்க பக்கமே வரலீங்க. செரட்டையில எண்ணெயும் நாலு தப்பையும் ஊட்டுக்கார அம்மா கொண்டாந்து கீழ வெச்சாங்க. நீங்களே கட்டிக்கங்கன்னு சொன்னாங்க. எனக்குக் கட்டத் தெரிஞ்ச மாதிரி கட்டுனனுங்க. அதான் இப்படிக் கோணிப்போச்சு.”

லட்சுமணசாமி “அட, அவ கெடக்கறா, நீங்க எளநி குடிங்க” என்றார். நான் இளநீரைக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன்.

ரங்கம்மாள் கொள்ளுப்பருப்பைக் கடைந்து சோளச்சோற்றில் ஊற்றி வைத்தாள். கேட்டேன்.

“புரட்டாசில லட்சுமணசாமி தோப்பு ஆளு ஒருத்தன் வந்தானா?”

“வந்தான். பொண்டாட்டியும் கூட.”

“எனக்கு ஏன் சொல்லல?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “நாஞ் சொல்லலியா? நீங்கதான சொன்னீங்க, அவிகளத் தொட்டா அப்பறம் தோட்டத்துக்காரன் எவனும் இந்தக் கட்டல்ல படுக்கமாட்டான், எண்ணெயக் குடுத்து அனுப்பிப்போடுன்னு. எம்மேல பாயாதீங்க. எனக்கு அன்னிக்கே மனசு கேக்கல.”

சொன்னேன்தான். இப்போது நினைவு வந்தது. என் வாயால் சொன்னதை நானே மறந்துவிட்டு, ஒருத்தனும் வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்தச் சொல்லை நம்பி ஒருத்தி தன் ஒற்றை மகனைக் கொண்டுபோய் விட்டாள். தூ! தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலை. மறுநாள் சென்னியம்மாளின் தண்ணீர் முறை. ஏற்கனவே ஒரு முறை தப்பியாயிற்று, பருத்தியில் பிஞ்சு உதிரத் தொடங்கிவிட்டது. பாலுசாமிக்குக் கட்டுப் பார்க்க அவளும் வந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் படலுக்கு வெளியே நஞ்சப்பனும் பாவாத்தாளும் வந்து நின்றார்கள். நஞ்சப்பன் கையில் கம்பு.

“நாந்தானுங்க வரச்சொன்னேன்” என்றாள் சென்னியம்மாள். “லட்சுமணசாமி அண்ணன் சொல்லியனுப்பிச்சாரு. நாளைக்கு ஒரு நாளு இவனக் கூட்டிட்டுப் போங்க, கவலைக்கால்ல நிக்கட்டும், மாடு பூட்ட வுடாமத் தடுத்துக்குவான்னாரு. இவனத் தாண்டி ஒரு அடி உள்ள வராதுன்னு பாலுசாமியும் சொல்றான்.”

எனக்கே ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. இவன் மட்டும் கையைத் திறந்தால் நஞ்சுண்டன் நாலாவது அடிக்கு நிற்கமாட்டான். தண்ணீரும் பாயும், பருத்தியும் பிழைக்கும்.

நஞ்சப்பன் படலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, “ஆத்தா, ஒண்ணு கேக்கலாமுங்களா?” என்றான். அவன் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

“கேளு.”

“நஞ்சுண்டப் பண்ணாடி என்னைய அடிச்சா, நானு திருப்பி அடிக்கலாமுங்களா?”

சென்னியம்மாள் அவனை முறைத்துப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். தப்பை கட்டிய கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அவன் கட்டிலில் கிடந்தான்.

“அதெப்படி? என்ன இருந்தாலும் அவன் எங்க மூத்தாரு பையன். எங்க ஊட்டு ரத்தம். நீ அடிச்சீன்னா ஊரு என்னையக் காறித் துப்பாது? நீ தடுத்தாப் போதும். அதுதான் உனக்கு நல்லா வருதே.”

“ஏம்மா, உனக்கு அறிவிருக்குதா?” என்று கத்தினேன். இத்தனை வருஷம் அவளிடம் பேசிய மரியாதையெல்லாம் எங்கேயோ போயிற்று. “உம்பையன் கை எதுனால போச்சு? திருப்பி அடிக்காத ஒருத்தன அஞ்சு மாசம் அடிச்சு அடிச்சுப் பழகுனதுனால போச்சு! இப்ப அதே மனுசன அடிபட மட்டும் கூப்புடறயே! தண்ணி வேணும், பருத்தி வேணும், அடி மட்டும் இவனுக்கா?”

“நீங்க பேசாதீங்க!” அவளும் எழுந்துவிட்டாள். “கீறல் படாதுன்னு சொன்ன வாய் தான இது? எம்பட சாதிசனத்துல எனக்கு ஒரு மொகம் வேண்டாமுங்களா? தண்ணி போனா ஒரு வெள்ளாமை போகுது. மொகம் போனா எம்பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

கட்டிலில் இருந்து பாலுசாமி, “அம்மா, அவன் அடிக்கட்டுமே” என்றான், மெதுவாக.

“நீ சும்மா கெட!”

நஞ்சப்பன் கம்பைப் படலில் சாத்தினான். பேசியது பாவாத்தாள்தான்.

“அப்பறம் இவரு வர்லீங்க ஆத்தா. பத்து வருசம் வாங்குனது போதுமுங்க. எங்களுக்கும் தோப்புக்காரருக்கும் இன்னிக்கோட தீந்துதுங்க. குடியிருக்கற சாளையக் காலி பண்ணச் சொல்லுவாரு, சொல்லட்டும். போத்தனூர் ரயில்ல எங்கண்ணன் மண்ணு வெட்டறான். மண்ணு திருப்பி அடிக்காதுங்க. அங்க எங்களையும் ஒருத்தனும் அடிக்கமாட்டான்.”

தண்டவாளத்துக் கூலியை நம்பி அவள் வீட்டை விடுகிறாள். நஞ்சப்பன் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டான்.

“நில்லுடா நஞ்சப்பா!” என்றேன். “உள்ள வா. அந்தக் கையக் காட்டிட்டுப் போ.”

“படலுக்குள்ளயாங்க?”

“படலுக்குள்ளதான். கட்டல்ல வந்து உக்காரு.”

இன்னொரு கட்டிலில் தொடை எலும்புக்காரன் கிடந்தான். அதனால் பாலுசாமியின் கட்டிலில்தான் இடம். சென்னியம்மாள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “எந்திரிடா” என்று மகனை நல்ல கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்ற வண்டிக்கு நடந்தாள். அடுத்த கட்டிலில் கிடந்தவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் முறைத்தண்ணீர் நஞ்சுண்டன் காட்டுக்குத்தான் பாய்ந்தது. தை பிறந்தபோது அவள் பருத்தியில் விறகுதான் மிஞ்சியிருந்தது.

நஞ்சப்பன் கட்டில் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தான். ரங்கம்மாள் கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வளைந்த எலும்பு இனி நேராகாது. மணிக்கட்டை மட்டும் இழுத்து உட்காரவைக்கலாம்.

“வலிக்கும். கத்து.”

“பழக்கமில்லீங்க. அங்க சத்தம் போட்டா பையனுகளுக்குக் கை தயங்கிப் போகுமாமுங்க. வாத்தியாரு சங்கடப்படுவாரு.”

“இது எம்பட வாசல். இங்க கத்தலாம்.”

இழுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, வாய் திறக்கவில்லை. உடம்பை இறுக்கிக்கொண்டால் எலும்பு எப்படி உட்காரும்? பாவாத்தாள் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“கத்துங்க மாமா! கத்துங்களே!”

மறுபடி இழுத்தேன். கத்தினான். அப்படி ஒரு சத்தத்தை அந்த வேப்பமரத்தடியில் நான் கேட்டதில்லை. ரோட்டில் வண்டி மாடுகள் மிரண்டன. ஏறப்போன சென்னியம்மாள் காலைக் கீழே வைத்துத் திரும்பிப் பார்த்தாள். என் கைக்குள் எலும்பு கடக்கென்று உட்கார்ந்துவிட்டது. இழுப்பதை விட்டுவிட்டேன். நஞ்சப்பன் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.